ஒரு மடலை எடுத்தால் மூச்சு எவ்வளவு மிஞ்சும்?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. முப்பது ஆண்டுகளாக பீடி பிடிப்பவர். வலது நுரையீரலின் மேல்மடலில் 3 செ.மீ. கட்டி, பயாப்ஸியில் அடினோகார்சினோமா (நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகை) என்று வந்திருக்கிறது. புற்று இருக்கக்கூடிய இடங்களை ஒளிரவைத்துக் காட்டும் பெட் ஸ்கேனில், நெஞ்சின் நடுவே நிணநீர்க் கணுக்களும் ஒளிர்கின்றன. மருத்துவர் அறுவைசிகிச்சை பற்றிப் பேசுகிறார். உறவினர்களோ, "கத்தி பட்டால் பரவிவிடும், பாதி நுரையீரலோடு எப்படி வாழ்வார்?" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: கத்தி பட்டுப் புற்றுநோய் பரவுவதில்லை. நோய் முற்றிய பிறகு அறுவைக்குப் போய், சில மாதங்களில் இறந்தவர்களைப் பார்த்து வந்த அச்சம் அது. இந்த வகைப் புற்றுநோய் தொடக்க நிலையில் இருந்தால், குணமாவதற்கு அறுவைசிகிச்சைதான் முதல் வழி. அச்சத்தில் நாள் கடத்துவதே உண்மையான ஆபத்து.

அப்பாவுக்குப் பாதி நுரையீரல் போகப்போவதும் இல்லை. வலது நுரையீரலில் மடல்கள் எனப்படும் பெரிய பகுதிகள் மூன்று, இடதில் இரண்டு. இந்த ஐந்தையும் 19 சிறு கூறுகளாகப் பிரித்து அறுவை மருத்துவர்கள் கணக்கிடுவார்கள். வலது மேல்மடலில் இருப்பவை 3 கூறுகள். ஊதும் சோதனையில், முதல் விநாடியில் அப்பா வெளியேற்றும் காற்று, அவர் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்த மடலை எடுத்தபின் மிஞ்சுவது 80-இல் 19-க்கு 16 பங்கு, அதாவது சுமார் 67. கணக்கு 60-க்கு மேல் நின்றால் பெரும்பாலும் கவலையில்லை. வலது நுரையீரலை முழுதாக எடுத்தால் அதே கணக்கு 38-க்கு இறங்கிவிடும். அப்போது படி ஏறவைத்தும் நடக்கவைத்தும் பார்க்காமல் முடிவெடுக்க மாட்டார்கள். ரத்தத்துக்கு வாயு கடக்கும் திறனையும் இதே போலக் கணக்கிடுவார்கள். இரண்டு எண்களையும் கேட்டு எழுதி வாங்குங்கள். பீடியை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

மடலையும் விடக் குறைவாக, கூறு மட்டும் எடுத்தால் போதாதா என்று தோன்றலாம். ஜப்பானில் 2022-லும் வட அமெரிக்காவை மையமாகக் கொண்டு 2023-லும் வெளிவந்த பெரிய ஆய்வுகள் போதும் என்றுதான் காட்டின. ஆனால் அவை 2 செ.மீ. அல்லது அதற்கும் சிறிய, நுரையீரலின் ஓரத்தில் இருந்த, கணுக்களுக்குப் பரவாத கட்டிகளைப் பற்றியவை. அப்பாவின் கட்டிக்கு மடலை எடுப்பதே வழக்கம். நெஞ்சைத் திறந்தா, சிறு துளை வழியாகவா, ரோபோ கொண்டா என்பதெல்லாம் இரண்டாம் கேள்வி. வலியும் மருத்துவமனையில் தங்கும் நாளும் சிறு துளையில் குறையும், அவ்வளவுதான்.

என்னை உறுத்துவது ஒளிரும் அந்தக் கணுக்கள். நம் ஊரில் காசநோய் பாதித்த கணுக்களும் பெட் ஸ்கேனில் புற்றுநோயைப் போலவே ஒளிரலாம். படத்தை மட்டும் பார்த்து "பரவிவிட்டது, அறுவை பயனில்லை" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். மூச்சுக்குழாய் வழியே அல்ட்ராசவுண்ட் கருவியை இறக்கி, ஊசியால் கணுவிலிருந்து திசு எடுத்துப் பார்க்கலாம். அந்த முடிவு வந்தபிறகுதான் எதையும் தீர்மானிக்க வேண்டும். கணுக்களில் புற்று உறுதியானால், மருந்து சிகிச்சை முதலில், அறுவை பிறகு என்று வரிசை மாறலாம்; சிலருக்கு அறுவையே வேண்டாம் என்றும் ஆகலாம்.

அறுவைக்குப் பின் விலாவில் ஒரு குழாய் சில நாள் இருக்கும். அதன் பெட்டியில் காற்றுக் குமிழ் வருவது நின்று, வடியும் நீரும் குறைந்தால் எடுத்துவிடுவார்கள். மூன்று பந்துகள் உள்ள பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து மூச்சை இழுக்கச் சொல்வார்கள். வலிக்குப் பயந்து அப்பா அதைத் தள்ளிவைப்பார். வலி மருந்து கொடுத்த சிறிது நேரத்தில் கையில் கொடுங்கள். சளி தேங்கி நிமோனியா வராமல் காக்கத்தான் அந்தப் பந்துகள்.

எடுத்த மடலைச் சோதித்துத் தரும் நோய்க்கூற்று அறிக்கை வந்ததும் அதில் மூன்றைப் பாருங்கள்: வெட்டிய விளிம்பில் புற்று இல்லையா, எத்தனை கணுக்கள் எடுக்கப்பட்டன, இ.ஜி.எஃப்.ஆர். மரபணுச் சோதனை செய்யப்பட்டதா. கடைசிச் சோதனையை விட்டிருந்தால் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். அந்த மரபணுவில் மாற்றம் இருந்தால், நோய் திரும்பும் வாய்ப்பைக் குறைக்க மாத்திரை உண்டு.