பனிச்சரிவுப் பயிற்சிக்கு ஏஜென்டிடம் பணம் கட்டலாமா?

கம்பத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: ஜனவரியில் நண்பர்கள் ஐந்து பேர் குல்மார்க் போய் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) ஓட்டப் போகிறோம். குமுளி டூர் ஏஜென்ட் ஒருவர் ஒரு மணி நேரப் பனிச்சரிவுப் பயிற்சி, சான்றிதழ், வாடகைக்கு ஒரு ஏர்பேக் பை என்று சேர்த்துத் தனியாகப் பணம் கேட்கிறார். கட்டலாமா?

கட்டாதீர்கள். குமுளியில் உட்கார்ந்து பனியை எப்படிச் சொல்லிக்கொடுப்பார்? கனடாவில் முதல் நிலைப் பயிற்சியே இரண்டு நாள், அதில் பாதி மலையில். இங்கே டூ வீலர் லைசென்ஸுக்கு எட்டு போடச் சொல்கிறார்கள். இப்படிச் சான்றிதழ் அடித்துக் கொடுப்பவரை ஏனென்று கேட்க ஆளில்லை. 2018இல் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது ஏஜென்ட், வழிகாட்டி என்று எல்லாரும் பேசினார்கள். அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அந்த ஏர்பேக் பை காற்றுச் சிலிண்டரால் உப்பி ஆளைப் பனியின் மேல்பக்கம் வைத்திருக்கப் பார்க்கும். மரத்தில் மோதினால் காப்பாற்றாது. சிலிண்டரை விமானத்தில் ஏற்ற விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். வாடகைக்கு விடுகிறவர் அந்த அலைச்சலுக்குப் போவாரா? சிலிண்டர் இல்லாத பையையோ காலி சிலிண்டரையோ தூக்கிக் கொடுத்துவிடுவார். சிலிண்டரைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

உண்மையில் வேண்டியவை மூன்று: புதைந்தவர் இருக்கும் இடத்தை சிக்னலால் காட்டும் டிரான்ஸீவர், பனிக்குள் குத்திப் பார்க்க புரோப் என்கிற நீளக் கம்பி, உலோக மண்வெட்டி. ஐந்து பேருக்கும் தனித்தனியாக வேண்டும். வண்டியில் கட்டாமல் உடம்போடு வைத்திருக்க வேண்டும். புதைந்தவரை வெளியே எடுக்கப் பத்துப் பதினைந்து நிமிடம்தான் இருக்கிறது. வெளியிலிருந்து ஆள் வருவதற்குள் அது போய்விடும். தோண்டப் போவது உங்கள் நண்பர்கள்தான்.

இதெல்லாம் சரிவுகளில் ஓட்டுபவர்களுக்கு. உள்ளூர் ஓட்டுநரோடு சமவெளியில் ஒரு சுற்று வருவதற்கு ஹெல்மெட், கையுறை, கண்ணாடி போதும். ஆனால் சமவெளி என்றாலே பயமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 30 முதல் 45 டிகிரி சரிவில் கிளம்பும் பனி அடிவாரத்துச் சமதரையிலும் நெடுந்தூரம் ஓடி வரும். நீங்கள் தட்டையான இடத்தில் நின்றாலும், தலைக்கு மேலே அப்படியொரு சரிவு இருந்தால் அது சமவெளிக் கணக்கில் சேராது. குல்மார்க்கின் அஃபர்வாத் மலையில் 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர்கள் இருவர் பனிச்சரிவில் இறந்தார்கள். "அஃபர்வாத் சரிவுக்குக் கீழே போகிறோமா?" என்று ஓட்டுநரிடம் நேராகக் கேளுங்கள். ஆமாம் என்றால் அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கை ஐந்தில் எத்தனை என்று கேளுங்கள். எண் கூடக் கூட ஆபத்து அதிகம்; மூன்று என்றாலே இறங்கிவிடுங்கள்.

கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் குல்மார்க்கிலேயே மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனம் இருக்கிறது. அங்கே விசாரியுங்கள். ஏஜென்டிடம் ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால், பயிற்சிக்கும் பைக்கும் எவ்வளவு என்று ரசீதில் பிரித்து எழுதச் சொல்லி, அதை மட்டும் திருப்பிக் கேளுங்கள்.