மலா தோசை நகோ

அன்புள்ள அம்மா,

உங்கள் கட்டுரைகளை லோக்கல் ரயிலில் படிப்பவள் நான். மும்பையை ஒட்டிய டோம்பிவிலியில் இருக்கிறோம். எனக்கு தாதரில் வேலை, கணவருக்கு அந்தேரியில். மகனுக்குப் போன மாதம் மூன்று வயது முடிந்தது. காலை 7.40க்கு அவனை எதிர் பில்டிங் பாளணாகரில், அதாவது குழந்தைக் காப்பகத்தில், விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடுவேன். அதை நடத்தும் மராத்திப் பெண்மணி காகூவே நர்சரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்துவிடுவார். நான் வீடு திரும்ப இரவு 7.45 ஆகும். உட்கார இடம் கிடைத்தால் லேடீஸ் டப்பாவிலேயே காய் ஆய்ந்துவிடுவேன். வந்ததும் அடுப்பில் வைத்துவிடலாம் அல்லவா?

போன வாரம் நர்சரியில் கூப்பிட்டு, "உங்கள் பிள்ளை எல்லா மொழியையும் கலந்து பேசுகிறான், குழம்பிப் போயிருக்கிறான், இனி வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்றார்கள். கலப்பது உண்மைதான். "அம்மா, மலா தோசை நகோ" என்பான். "பாஹேர் போலாம், சல்" (வெளியே போலாம், வா) என்பான். என் கணவர் மும்பை சயான் கோலிவாடாவில் பிறந்து வளர்ந்தவர். "டீச்சருக்குத் தெரியாதா? அவனுக்குத் தமிழ் எதுக்கு, இங்கதானே இருக்கப் போறான்" என்கிறார். ஐந்து நாளாக எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை இரவு போனில் சார்ஜ் இல்லை. போன் இல்லாமல் அவனுக்கு ஒரு வாய் இறங்காது. தட்டைத் தள்ளிவிட்டான். தரையெல்லாம் ரசம் சாதம். நான் அடித்துவிட்டேன், கன்னத்தில். உடனே பயந்துபோய் அவன் கையைப் பிடித்தேன். ஆங்கிலம் பேச வேண்டும் என்பது அப்போதும் ஞாபகம் வந்தது. "சாரி பேபி, சாரி" என்றேன். அவன் அழுகையை நிறுத்திவிட்டு என்னை யாரோ மாதிரி பார்த்தான். அந்தப் பார்வை இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. நான் நல்ல அம்மாதானா? அவனிடம் எந்த மொழியில் பேசட்டும்?

வி., டோம்பிவிலி

*

அன்புள்ள வி.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தமிழில் பேசுங்கள். ஐந்து நாளாக விட்டதை இன்று இரவே எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது உங்கள் மகனின் ஒரு வாக்கியத்தை. "மலா தோசை நகோ." மலா என்றால் எனக்கு, நகோ என்றால் வேண்டாம். "எனக்குத் தோசை வேண்டாம்" என்பதில் எந்தச் சொல் எங்கே நிற்கிறதோ அங்கேயே மராத்திச் சொல்லைக் கொண்டுவந்து வைத்திருக்கிறான். நாம் "நான் வேண்டாம்" என்று சொல்வதில்லை, "எனக்கு வேண்டாம்" என்கிறோம். மராத்தியிலும் அந்த இடத்தில் "மீ" (நான்) வராது, "மலா"தான் வரும். ஒன்று திராவிட மொழி, மற்றது இந்தோ ஆரிய மொழி. இரண்டும் இந்த இடத்தில் ஒன்றுபோல நடப்பதை ஒரு மூன்று வயதுப் பிள்ளை, யாரும் சொல்லித் தராமல், காதால் கேட்டே பிடித்துவிட்டான். குழம்பிப்போன பிள்ளைக்கு இது வராது.

காகூவிடம் அவன் "தோசை வேண்டாம்" என்று தமிழில் சொல்கிறானா என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாகச் சொல்லமாட்டான். அவரிடம் தமிழ் செல்லாது என்று அவனுக்குத் தெரியும். உங்களிடம் இரண்டும் செல்லும் என்பதும் தெரியும். அதனால்தான் உங்களிடம் கலக்கிறான். நாமும் அப்படித்தானே? "இன்னிக்கு பாய் சுட்டி" என்று பக்கத்து வீட்டுத் தமிழ் மாமியிடம் சொல்கிறோம், ஊரில் அம்மாவிடம் பேசும்போது "வேலைக்காரம்மா லீவு" என்கிறோம்.

இரண்டு மூன்று மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாகாது என்பது இருமொழிக் குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளில் நன்றாகவே தெளிவான விஷயம். அப்படி வளரும் பிள்ளைக்கு ஒவ்வொரு மொழியிலும் தெரிந்த சொற்கள் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். எல்லாவற்றையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு: ஒரு வயதாகியும் மழலைச் சத்தம் வராதது, விரலால் எதையும் சுட்டாதது, 16 மாதமாகியும் ஒரு சொல்கூட வராதது, இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்க்காதது, எந்த வயதிலானாலும் வந்த பேச்சு நின்றுபோவது. உங்கள் மகன் மூன்று சொல் சேர்த்து மறுப்பே சொல்கிறான். ஆனாலும் மனதில் ஒரு மூலையில் சந்தேகம் இருந்தால் அதை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள், முதலில் காதைச் சோதித்துவிடுங்கள். பாந்த்ரா ரெக்ளமேஷனில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் இருக்கிறது. 1983இல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம், பேச்சுக்கும் செவிக்கும் என்றே உள்ளது. ஒத்துழைக்காத குழந்தைக்கும் தூங்கும்போது எடுக்கிற சோதனை உண்டு. போனால், அவன் தமிழில் சொல்வது, மராத்தியில் சொல்வது, இந்தியில் சொல்வது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

இனி என் கதை. இதை நான் இதுவரை எழுதியதில்லை.

என் மூத்தவனைச் செம்பூரில் ஒரு பள்ளியில் சேர்க்கப் போனபோது எனக்கும் இதையேதான் சொன்னார்கள். எனக்கு வயது 27. ஆம்பூரும் மும்பையும் தவிர வேறு ஊர் தெரியாது. அவர்கள் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு அன்று மாலையே ஆரம்பித்தேன். என்னிடம் இருந்த ஆங்கிலம் "கம், ஈட், சிட், ஸ்லீப், நோ, டோன்ட்" அவ்வளவுதான். எல்லாமே ஏவல். மழை பெய்தால் தமிழில் எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது: தூறல், சாரல், அடைமழை, எங்கள் ஊர்ப் பாலாற்றில் தண்ணீர் வந்த ஒரு வருடம், தாத்தா குடையை மறந்துவிட்டு வந்த கதை. ஆங்கிலத்தில் "ரெயின்" என்றேன், "கம் இன்சைட்" என்றேன். பேச்சு அதோடு முடிந்தது. மொழியை மாற்றியதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளையிடம் பேசுவதையே குறைத்துவிட்டேன் என்று புரிய எனக்கு வருடங்கள் ஆயின.

அவனுக்கு ஏழு வயதில் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். என் அம்மா திண்ணையில் அவனை மடியோடு சேர்த்து உட்காரவைத்துக்கொண்டு, "ராசா, பாட்டிய தேடுனியாடா?" என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். அதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். கேட்ட என் அம்மா சிரித்துவிட்டு அவன் தலையைத் தடவினார். பிறகு அவனிடம் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டார். முறுக்கு கொடுப்பார், விசிறிவிடுவார். இளையவளிடம் நான் தமிழை விடவில்லை. அவளும் அதே பள்ளியில்தான் படித்தாள், ஆங்கிலத்தில் அண்ணனுக்கு ஒரு படி குறையவில்லை. பாட்டியின் கடைசி வருடங்களில் ஞாயிறு தவறாமல் போனில் ஒரு மணி நேரம் பேசியவள் அவள்தான். மூத்தவன் இன்று புனேயில் நன்றாக இருக்கிறான், என்மேல் உயிராக இருக்கிறான். ஆனால் அவனுக்கு உடம்புக்கு முடியாமல் போகும்போது நான் போனில் என்ன சொல்வது என்று இப்போதும் சொல் தேடுகிறேன்.

நர்சரி டீச்சர்மேல் கோபம் வேண்டாம். ஒரு அறையில் 25 பிள்ளைகளை வைத்துக்கொண்டு, எவன் தண்ணீர் கேட்கிறான், எவன் பாத்ரூம் போக வேண்டும் என்கிறான் என்று தெரியாமல் தவிப்பவர் அவர். அவன் சொல்லும் பத்துச் சொற்களை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்: தண்ணி, ஒண்ணுக்கு, வலிக்குது, போதும், பயமா இருக்கு. இது அவருக்கு உண்மையான உதவி. ஆங்கிலத்தை நர்சரி பார்த்துக்கொள்ளும், அது அவர்கள் வேலை. 2020இன் தேசியக் கல்விக் கொள்கைகூட முடிந்த இடங்களில் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை வீட்டு மொழியில் கற்பிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

உங்கள் கணவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். வீட்டில் தமிழ், கோலிவாடாத் தெருவில் இந்தியும் மராத்தியும், பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்ந்தவர்தானே அவர்? அவருடைய அம்மா அவரிடம் எந்த மொழியையாவது நிறுத்தினாரா?

சாப்பாட்டுக்கு வருகிறேன். முதல் வருடத்தில் குழந்தையின் எடை மும்மடங்காகிறது. இரண்டு வயதுக்குப் பிறகு ஆண்டுக்கு 2 கிலோ அளவில்தான் ஏறும். அதனால் பசி குறைவது இயல்பு. நாமோ பழைய கணக்கிலேயே கிண்ணத்தை நிரப்புகிறோம். அவன் மூடும் வாயைத் திறக்கவைக்கப் போன் தேவைப்படுகிறது. திரையைப் பார்த்தபடி சாப்பிடும் பிள்ளைக்கு வாயில் விழுவது பருப்பா கத்தரிக்காயா என்று தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இந்த வயதுக்குத் திரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் நல்லது என்றது. எனக்கு அந்தக் கணக்கைவிடப் பெரிய கவலை வேறொன்று. ஒரு நாளில் நீங்களும் அவனும் எதிரெதிரே உட்காரும் நேரம் அந்த ராச்சாப்பாட்டு அரைமணி மட்டும்தான். அதையும் போன் எடுத்துக்கொண்டால் அவன் தமிழ் கேட்பது எப்போது?

போனை நிறுத்தினால் மூன்று நான்கு நாள் அழுவான், கொஞ்சம்தான் தின்பான். எடை ஒழுங்காக ஏறிவரும் பிள்ளைக்கு அதனால் கெடுதல் இல்லை. டாக்டரிடம் வளர்ச்சி அட்டையை ஒருமுறை காட்டிவிட்டுத் துணிந்து இறங்குங்கள். நான்கு உருண்டை தட்டில் வையுங்கள், அவன் கையாலேயே எடுக்கட்டும். இரண்டோடு போதும் என்றால் போதும். நம் அம்மாக்கள் நிலாவைக் காட்டினார்கள். உங்கள் பால்கனியிலிருந்து தண்டவாளம் தெரிகிறதா? ரயிலைக் காட்டுங்கள். நின்று போவது எது, நிற்காமல் போவது எது, அம்மா எதில் வந்தாள், அப்பா இப்போது எந்த ஸ்டேஷனில் இருப்பார். சொல்லச் சொல்ல நீளும்.

இனி, அந்த அடி.

அடித்தது தவறு. நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள், நான் அதை மழுப்பப் போவதில்லை. ஆனால் அந்த மணி எப்படிப்பட்டது என்பதையும் பாருங்கள். பன்னிரண்டு மணி நேரம் அந்நிய வீட்டில் சமத்தாக இருந்த பிள்ளை. பன்னிரண்டு மணி நேரம் ஓடிய நீங்கள். பகலெல்லாம் அடக்கி வைத்திருந்த அழுகையை அவன் காகூவிடம் காட்ட முடியாது. யாரிடம் காட்டினால் கைவிடமாட்டார்களோ அவரிடம் காட்டுகிறான். தட்டைத் தள்ளியது அதுதான். அதனால் வீட்டுக்குள் வந்ததும் அடுப்படிக்குப் போகாதீர்கள். கால்மணி நேரம் தரையில் உட்காருங்கள். அவன் மேலே விழுந்து புரளட்டும். ராத்திரிச் சமையல் கால்மணி தள்ளிப்போனால் போகட்டும். அப்பாவுக்காக அவனைப் பத்து மணி வரை விழிக்கவைக்கிறீர்கள் என்றால் அதையும் நிறுத்துங்கள். மூன்று வயதுக்குப் பகல் தூக்கத்தோடு சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும். அப்பாவுக்குக் காலை அரைமணி இருக்கட்டும். குளிப்பாட்டி, தலை துவட்டி, பாளணாகருக்கு அவர் கூட்டிப்போகட்டும்.

அந்தப் பார்வையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவன் உங்களை யாரோ என்று நினைக்கவில்லை. அவன் அழும்போது நீங்கள் எப்போதும் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. "கண்ணு" என்பீர்களோ, "தங்கம்" என்பீர்களோ, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்று முதுகைத் தட்டுவீர்களோ. பிறந்த நாளிலிருந்து அவன் அழுகைக்குப் பின்னால் வந்த சத்தம் அதுதான். செவ்வாய்க்கிழமை அது வரவில்லை. அதைத்தான் தேடினான். நாள் கடந்துவிட்டதே என்று விடாதீர்கள். இன்று அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "அன்னிக்கு அம்மா அடிச்சிட்டேன்டா, அது தப்பு, வலிச்சுதா?" என்று கேளுங்கள். அவன் "ஹோ" (ஆமா) என்று மராத்தியில் சொன்னாலும் சரி.

கடைசியாக, ரயிலில் காய் ஆய்வது. அதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். முழுவதையும் முடித்துவிடாதீர்கள். கொத்தவரங்காயில் ஒரு கைப்பிடியைப் பையில் மிச்சம் வையுங்கள். வீட்டுக்கு வந்து தரையில் ஒரு செய்தித்தாளை விரித்து அவன் முன்னால் கொட்டுங்கள். காம்பைக் கிள்ளி, நாரை உரித்து, ஒடிக்கக் காட்டுங்கள். அவன் "கவார்" என்பான், காகூ வீட்டில் அதுதான் பெயர். நீங்கள் "ஆமாடா, கொத்தவரங்காய்" என்று சொல்லுங்கள். இன்று அவன் ஒடிப்பது கோணலாகத்தான் இருக்கும். அப்படியே வாணலியில் போடுங்கள்.

அன்புடன்.