பாதிப் பாதின்னு சட்டம் எதுவும் இல்ல, தங்கச்சி

குடியாத்தத்துல இருந்து மெல்போர்ன் வந்த கொஞ்ச நாள்லயே வீட்டுக்காரர் பிரிஞ்சு போயிட்டார், ‘பையன் ஆளுக்குப் பாதி நாள், இங்க அதான் சட்டம்’னு சொல்றார், மே மாசம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு அவனை ஊருக்குக் கூட்டிட்டுப் போகலாமான்னு கேட்டிருக்கீங்க. நானும் காட்பாடிக்காரிதான், தெரிஞ்சதைச் சொல்றேன்.

பாதி நாள் கட்டாயம்னு ஆஸ்திரேலியாவோட 1975 குடும்பச் சட்டத்துல எங்கயும் இல்ல. பெரிய முடிவுகள்ல ரெண்டு பேருக்கும் சமப் பொறுப்புன்னு கோர்ட் முதல்லயே எடுத்துக்கற விதி ஒண்ணு இருந்தது. அதைத்தான் நாள் கணக்குன்னு பலரும் நம்பினாங்க. 2024 மே மாசத்தோட அதுவும் போச்சு. இப்ப பார்க்கறது புள்ளையோட நலனும் பாதுகாப்பும்தான். இன்னொண்ணு, புள்ளைக்கான பராமரிப்புத் தொகையை ரெண்டு பேர் வருமானத்தோட, புள்ள யார் வீட்டுல எத்தனை ராத்திரி தங்குதுன்னும் பார்த்துத்தான் போடுவாங்க. அதனால ராத்திரிக்குப் பேரம் பேசறவங்களும் உண்டு.

கோர்ட்டுக்கு முன்னாடி சமரசப் பேச்சு நடக்கணும். அடி, மிரட்டல் இருந்தா விலக்கு உண்டு. பேசி முடிச்சதை வெறும் கையெழுத்தோட விடாம, சம்மத உத்தரவா கோர்ட்டுல பதிஞ்சிடுங்க. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் எல்லாம் வழக்கமா அதுல எழுதிடுவாங்க, தீபாவளி நீங்க சொன்னாத்தான் வரும். டிசம்பர், ஜனவரி லீவைப் பிரிக்கறப்ப ரெண்டாவது பாதியைக் கேளுங்க, பொங்கல் அதுலதான்.

பையனை ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தர் கூட்டிக்கறதை ஸ்கூல்ல வச்சுக்கறது உத்தமம். எங்க தெருவுல ஒரு வீட்டுல வெள்ளிக்கிழமை காலைல அம்மா விடுவாங்க, சாயங்காலம் அப்பா கூப்பிட்டுக்குவார். முகம் பார்க்கறதும் இல்ல, சண்டையும் இல்ல. நீச்சல் டிரஸ் மட்டும் எப்பவும் அடுத்த வீட்டுல கிடக்கும். கடைசியில ரெண்டு செட் வாங்கிட்டாங்க.

சிரசு விஷயம்தான் சிக்கல். அது வர்ற வைகாசி முதல் தேதி இங்க ஸ்கூல் நடக்கும். அது போகட்டும். கேஸ் நடக்கறப்பவோ உத்தரவு வந்த பிறகோ, அவரோட எழுத்துச் சம்மதமோ கோர்ட் அனுமதியோ இல்லாம பையனை வெளிநாடு கூட்டிட்டுப் போனா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். போலீஸோட கண்காணிப்புப் பட்டியல்ல அவன் பேர் இருந்தா ஏர்போர்ட்லயே நிறுத்திடுவாங்க. தூக்கிட்டுப் போன குழந்தையைத் திருப்பி அனுப்பற 1980 ஹேக் ஒப்பந்தத்துல இந்தியா சேரல, அதனால இந்தியான்னாலே கோர்ட் யோசிக்கும், பிணைத்தொகைகூடக் கட்டச் சொல்லலாம். ரிட்டர்ன் டிக்கெட், தங்கற முகவரி, அப்பாவோட வீடியோ கால் நேரம் எல்லாம் எழுதிக் கொடுத்துக் கேளுங்க.

‘புள்ளைய இங்க அனுப்பிடு, நாங்க வளர்த்துக்கறோம்’னு ஊர்ல அம்மா சொல்வாங்க. அதுக்கும் அவரோ கோர்ட்டோ ஒத்துக்கணும். முதல்ல சட்ட உதவி தர்ற விக்டோரியா லீகல் எய்டுக்குப் போன் போட்டு, தமிழ்ல பேச மொழிபெயர்ப்பாளர் வேணும்னு கேளுங்க. அதுக்குக் காசு கிடையாது.