ஞாயிறு மாமல்லபுரம்: ஏன் சண்டையோடு திரும்புகிறீர்கள்?

ஞாயிறு கணவரோடு பைக்கில் மாமல்லபுரம் போனால் சண்டையோடுதான் திரும்புகிறோம் என்று கேட்டிருக்கிறீர்கள். புறப்படும் நேரத்தை மாற்றுங்கள். காலை ஐந்து மணிக்குச் சென்னை வேளச்சேரியை விட்டால் ஆறரைக்குள் கடற்கரைக் கோயிலில் இருக்கலாம். ஆறு மணிக்கே திறந்துவிடுவார்கள்.

டிபன், சமையல் எல்லாம் முடித்துப் பத்தரைக்குக் கிளம்புவதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்து கோளாறு அங்கேதான். போய்ச் சேரும்போது உச்சி வெயில், பாறையெல்லாம் சுடும். மாலை திரும்பினால் ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) முழுக்க வண்டி. பைக்கில் பின்னால் உட்கார்ந்து வருபவருக்கு முதுகு விட்டுப்போகும், அப்புறம் எந்தப் பேச்சும் சண்டையில்தான் முடியும்.

இந்த வாரம் ஒருமுறை செய்து பாருங்கள்:

1. வெள்ளி இரவே உங்கள் கணவர் அவருடைய அம்மாவிடம் சொல்லட்டும்: "ஞாயிறு காலை டிபன் எங்களுக்கு வேண்டாம்மா, மதியச் சாப்பாட்டுக்கு வந்துடுவோம்." நீங்கள் சொல்ல வேண்டாம். மகன் சொன்னால் அது தகவல், புது மருமகள் சொன்னால் அது புகாராகப் போய்விடும்.

2. முதலில் கடற்கரைக் கோயில், பிறகு ஐந்து ரதம். அன்றைக்கு இரண்டுக்கும் ஒரே டிக்கெட் போதும், பத்திரமாக வையுங்கள். ஐந்தில் ஒன்றான திரௌபதி ரதத்தின் கூரையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஓலைக்குடிசையை அப்படியே கல்லில் இறக்கியிருக்கிறார்கள். அர்ஜுனன் தபசு என்ற பாறைச் சிற்பத்துக்கு டிக்கெட் இல்லை.

3. ஒன்பதரைக்குத் திரும்பிவிடுங்கள்.

கடலில் மட்டும் இறங்காதீர்கள், இழுப்பு அதிகம். இன்னொன்று: வெளியே போகாத ஞாயிறுகளிலும் இதே சண்டை வருகிறதா? வந்தால் நேரத்தை மாற்றிப் பயனில்லை. இருவரும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் வேறு.