பைக்கில் செல்ஃப் ஸ்டார்ட் சுற்றவில்லையா? வேலூர் வட்டார வாசகர்களுக்குப் பதில்கள்

காட்பாடி வாசகர்: ஐயா, என் பைக்கில் செல்ஃப் பட்டனை அழுத்தினால் ‘டக் டக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது. பேட்டரி மாற்றி 20 நாள்தான் ஆகிறது. எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டதா?

பதில்: மோட்டாரைக் கழற்றும் முன், வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரைக் கையில் எடுங்கள். சில மணி நேரம் நிறுத்தியிருந்த வண்டியில், நல்ல 12 வோல்ட் பேட்டரி 12.6 முதல் 12.8 வரை காட்டும். இந்த எண்ணை மட்டும் நம்பிப் பணத்தை இழந்தவர்கள் பலர். வண்டி நியூட்ரலில் இருக்கட்டும். மீட்டர் முனைகளைப் பேட்டரியில் வைத்தபடியே ஒருவரைப் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள்; அளவு 9.6-க்கும் கீழே விழுந்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது அதற்குள் பழுது இருக்கிறது. 12-ஐ ஒட்டியே நின்றால் பேட்டரியில் குற்றமில்லை, வழியில் எங்கோ மின்சாரம் தடைபடுகிறது. அப்போது ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சினின் பெயின்ட் இல்லாத உலோகத்திலும் வைத்துப் பட்டனை அழுத்துங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், பேட்டரி நெகட்டிவை எஞ்சினோடு இணைக்கும் எர்த் ஒயரின் போல்ட்டைக் கழற்றி, துருவைத் தேய்த்து இறுக்குங்கள். அதுவும் சரியாக இருந்தால், மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலேயின் இரண்டு தடித்த முனைகளுக்கு இடையே இதேபோல் அளந்து பாருங்கள். பட்டனை அழுத்தியிருக்கும்போதும் அங்கே 12 வோல்ட் நின்றால் ரிலேயின் உள்முனைகள் கருகிவிட்டன.

குடியாத்தம் வாசகர்: சார்ஜ் ஏற்றி மாட்டினால் இரண்டு நாள் ஓடுகிறது, பிறகு மறுபடியும் இறங்கிவிடுகிறது.

பதில்: வண்டி தன் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கவில்லை என்றே சந்தேகிக்க வேண்டும். எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டு அளந்தால் 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். 13-ஐத் தொடவில்லையென்றால் மின்சாரம் உண்டாக்கும் காயிலையோ, அதைக் கட்டுப்படுத்திப் பேட்டரிக்கு அனுப்பும் ரெகுலேட்டரையோ பாருங்கள். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கு எரிவதால், சார்ஜ் குறைந்தால் பேட்டரி விரைவில் வற்றும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. நம் ஊர்க் கோடையில், மூடி திறக்கும் பேட்டரியின் நீர் அப்போது இன்னும் சீக்கிரம் வற்றிவிடும். அதில் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள், டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும்.

ஆற்காடு வாசகர்: பியூஸ் அடிக்கடி போகிறது. செப்புக் கம்பி சுற்றலாமா?

பதில்: கூடவே கூடாது, ஒயர் தீப்பற்றும். ஹேண்டிலைத் திருப்பும்போது ஒயர்கள் உரசும் இடத்தையும், எலி கடிக்க வாய்ப்புள்ள சீட்டின் அடிப்பகுதியையும் பார்த்து, தோல் உரிந்த ஒயரைச் சரிசெய்த பிறகு அதே ஆம்பியர் பியூஸையே போடுங்கள்.

ஆம்பூர் வாசகர்: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை.

பதில்: எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்சையும் சைடு ஸ்டாண்டையும் முதலில் பாருங்கள். உங்களுடையது கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால், சாவியைப் போட்டவுடன் பெட்ரோல் பம்ப் இரண்டு மூன்று விநாடி ரீங்காரமிட வேண்டும். அது கேட்கவில்லையென்றால் பம்பின் பியூஸிலிருந்து தேடத் தொடங்குங்கள்.