சிப்புக்கு ஒரு பூட்டு, காந்தத்துக்கு ஒரு பூட்டு

கேள்வி: போன், லேப்டாப் எல்லாமே சீனாவில்தான் தயாராகிறது. அந்த நாட்டுக்கே சிப் தரமாட்டேன் என்கிறதே அமெரிக்கா, என்ன கணக்கு இது?

பதில்: கோர்ப்பது வேறு, உள்ளே இருக்கும் சிப்பைச் செய்வது வேறு. 2022 அக்டோபரில் அமெரிக்கா கைவைத்தது சாதாரண சிப்பில் அல்ல, செயற்கை நுண்ணறிவுக்கு வேண்டிய அதிவேக சிப்பிலும் அவற்றைச் செய்யும் இயந்திரங்களிலும். இந்த சிப்புகளை விற்கும் அமெரிக்க கம்பெனி என்விடியா என்ன செய்தது? விதிக்கு அடங்கும் அளவுக்கு வேகத்தைக் குறைத்து ஏ800, எச்800 என்று பெயர் மாற்றி விற்றது. மறு வருஷமே அதற்கும் தடை!

கேள்வி: நெதர்லாந்து இயந்திரம் ஒன்றைப் பற்றியே பேசுகிறார்களே, அதைப் பார்த்துச் சீனாவே செய்துகொள்ளக் கூடாதா?

பதில்: ஏஎஸ்எம்எல் கம்பெனியின் இயுவி இயந்திரம், அதாவது அதீத புற ஊதா ஒளியால் சிப்பின் நுண்ணிய கோடுகளை அச்சடிப்பது. பார்த்துச் செய்வது எளிதல்ல. உருகிய வெள்ளீயத் துளிகள் நொடிக்கு 50,000 வீதம் பாய, ஒவ்வொன்றின் மேலும் லேசர் இரண்டு முறை விழுகிறது. முதல் அடியில் துளி தட்டையாகிறது, அடுத்ததில் கொதித்து 13.5 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியைக் கக்குகிறது. காற்றே விழுங்கிவிடும் ஒளி அது, அதனால் எல்லாம் வெற்றிடத்துக்குள். ஆடிகள் ஜெர்மனியின் ஸைஸ், லேசர் ட்ரும்ஃப் (அதிபர் அல்ல, அதுவும் ஜெர்மன் கம்பெனி), ஒளி உண்டாக்கும் பாகம் அமெரிக்காவில் தயாராவது. சீனாவுக்கு விற்காதே என்ற வாஷிங்டன் பேச்சு நெதர்லாந்தில் எடுபடுவதற்கு அதுவும் ஒரு காரணம். சரி, சீனா சும்மா இருந்ததா? பழைய ரக இயந்திரத்தில் ஒரே அடுக்கைப் பலமுறை அச்சடித்து 7 நானோமீட்டர் என்ற நுண்ணிய ரக சிப் செய்து, 2023 ஆகஸ்டில் ஹுவாவே போனில் போட்டு விற்றது. செலவு அதிகம், கழிவும் அதிகம். ஆனால் போன் வேலை செய்தது.

கேள்வி: இப்படி முன்பும் நடந்திருக்கிறதா?

பதில்: சோவியத் முகாமுக்கு உயர் தொழில்நுட்பம் போகாமல் தடுக்க மேற்கு நாடுகளின் கோகாம் என்ற ஏற்பாடு 1949 முதல் 1994 வரை இருந்தது. ஆனால் சோவியத் யூனியன் யாருக்கும் சீனா அளவுக்குப் பெரிய வாடிக்கையாளர் இல்லை.

கேள்வி: சீனாவின் பதிலடி வெறும் மிரட்டலா?

பதில்: இல்லை. சில ரக சிப்புக்கு வேண்டிய உலோகமான கேலியம் ஒன்றும் கிடைக்காத பொருளல்ல, பாக்சைட்டிலிருந்து அலுமினா பிரிக்கும்போது கூடவே எடுக்கலாம். லாபமில்லை என்று மற்றவர்கள் விட்டார்கள், சீனா விடவில்லை. 2023-ல் அதை ஏற்றுமதி செய்ய அனுமதி கட்டாயம் என்றது, 2024 டிசம்பரில் அமெரிக்காவுக்கு நேரடித் தடை விதித்தது. 2025 ஏப்ரலில் 7 அரிய மண் தனிமங்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. அவற்றில் சில கார் மோட்டார்களின் காந்தத்துக்கு வேண்டியவை, சில வாரங்களிலேயே காந்தம் கிடைக்காமல் சில கார் ஆலைகள் நின்றன. அக்டோபர் 30-ல் டிரம்ப்பும் ஷி ஜின்பிங்கும் பூசானில் சந்தித்தபின், அந்த மாதம் அறிவித்த கூடுதல் கட்டுப்பாடுகளை ஒரு வருஷம் தள்ளிவைத்தது சீனா. ஏப்ரல் விதியை ரத்து செய்யவில்லை.