'விளையாடினது போதும், வேலையைத் தேடு!'

கேள்வி: நாங்கள் லண்டன் குரோய்டனில் இருக்கிறோம். என் மகனுக்கு 23 வயது. 19 வயதில் ஒரு கவுண்டி (மாவட்ட) கிரிக்கெட் அணியில் ஒப்பந்தம் கிடைத்தது. முதல் அணியில் ஆடியது கொஞ்சம்தான், பெரும்பாலும் இரண்டாம் அணி. போன செப்டம்பரில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அறையை விட்டு வெளியே வருவதே அபூர்வம். "விளையாடினது போதும், ஒரு வேலையைத் தேடு" என்கிறார் கணவர். மகனோ ஒரு நாள் வேறு கவுண்டியில் முயற்சி செய்கிறேன் என்கிறான், மறுநாள் கிரிக்கெட் பேச்சையே எடுக்காதே என்கிறான். மதுரையில் இருக்கும் நாத்தனார் "பையன் எப்ப டிவியில வருவான்?" என்று போனில் கேட்கும்போதெல்லாம், தோளில் அடி, ஓய்வில் இருக்கிறான் என்று சொல்லி சமாளிக்கிறேன். நான் என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கணவர் சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், சகோதரி. உங்கள் மகன் நான்கு வருடமாக வேலையில்தான் இருந்தான். சம்பளம் வந்தது, வரி பிடித்தார்கள், மேலதிகாரி இருந்தார். இப்போது போயிருப்பது அந்த வேலை. இதே பையன் ஐ.டி. கம்பெனியில் ஆட்குறைப்பில் மாட்டியிருந்தால், "கம்ப்யூட்டரைத் தட்டினது போதும்" என்று உங்கள் கணவர் சொல்லியிருப்பாரா? ஐயோ பாவம் என்று தோளில் கை போட்டிருப்பார். அந்தக் கையைத்தான் மகன் இப்போதும் எதிர்பார்க்கிறான் என்று அவரிடம் சொல்லுங்கள்.

கவுண்டி கிரிக்கெட்டில் இது வருடா வருடம் நடக்கிற சங்கதி. ஏப்ரலில் தொடங்கும் சாம்பியன்ஷிப் செப்டம்பரில் முடியும். முடிகிற நேரத்தில் 18 கவுண்டிகளும் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று கணக்குப் போடும். அதில் திறமை மட்டும் பேசாது. கையிருப்புப் பணம், வெளிநாட்டு வீரருக்கு ஒதுக்கிய தொகை, அகாடமியிலிருந்து ஏறி வரும் அடுத்த 18 வயதுப் பையன் என எல்லாமே பேசும். தன் ஆட்டம்தான் மட்டம் என்று உங்கள் மகன் நினைத்துக்கொண்டிருந்தால், அது பாதி உண்மைகூட இல்லை.

ரிச்சர்ட் கெட்டில்பரோவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெயரால் தெரியாவிட்டாலும் முகத்தால் தெரியும். 2014 டி20 உலகக் கோப்பை இறுதியாட்டம், 2015, 2019 உலகக் கோப்பை அரையிறுதிகள், 2023 அகமதாபாத் இறுதியாட்டம் என்று இந்தியா தோற்ற பெரிய ஆட்டங்களிலெல்லாம் நடுவராக நின்றவர். அவர் வந்தாலே நமக்கு ராசியில்லை என்று நம்மூர் ரசிகர்கள் மீம் போட்டே அவரைப் பிரபலமாக்கிவிட்டார்கள், பாவம்! அவரும் கவுண்டி வீரர்தான். 1994-ல் யார்க்‌ஷயருக்காக முதல்தர (பல நாள் நடக்கும்) ஆட்டத்தில் இறங்கிய இடக்கை பேட்ஸ்மேன். அங்கே இடம் நிலைக்கவில்லை. மிடில்செக்ஸுக்குப் போனார், அங்கேயும் இரண்டே சீசன். மொத்தம் 33 முதல்தர ஆட்டங்கள், ஒரே ஒரு சதம். 1999-ல் எல்லாம் முடிந்தபோது வயது 26. கவுண்டி நடுவர் பட்டியலில் அவர் பெயர் ஏறியது 2006-ல், சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐ.சி.சி.யின் முன்னணி நடுவர்களுக்கான எலைட் பட்டியலில் 2011-ல். 2013 முதல் மூன்று வருடம் தொடர்ந்து உலகின் சிறந்த நடுவர் விருது வாங்கினார்.

உங்கள் மகன் நடுவராக வேண்டும் என்று சொல்ல வரவில்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது 1999-க்கும் 2006-க்கும் நடுவே இருக்கும் ஏழு வருடம். நீங்களோ ஏழெட்டு மாதத்துக்குள் பதில் கேட்கிறீர்கள்.

ஜாஃபர் அன்சாரியைப் பற்றியும் உங்கள் கணவர் காதுக்கு எட்டியிருக்கலாம். உங்கள் வீட்டுக்குப் பக்கத்து சர்ரே அணிக்காரர், கேம்பிரிட்ஜில் படித்தவர். 2016-ல் இங்கிலாந்துக்காக மூன்று டெஸ்ட் ஆடினார், அதில் இரண்டு ராஜ்கோட்டிலும் விசாகப்பட்டினத்திலும். அடுத்த ஏப்ரலில், 25 வயதில், ஓய்வு அறிவித்துவிட்டுச் சட்டத்துறைக்குப் போய் வழக்கறிஞர் ஆனார். "பார், அவனே விட்டுவிட்டுப் படிக்கப் போனான்" என்று உங்கள் கணவர் இவரை உதாரணம் காட்டினால் தடுத்துவிடுங்கள். அன்சாரி தானாகக் கதவைத் திறந்துகொண்டு போனவர். உங்கள் மகனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றில்லை.

இனி ஆகவேண்டியதைப் பார்ப்போம். சாப்பாடும் தூக்கமும் கெட்டிருந்தால் முதலில் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். தொழில்முறை வீரர்களுக்கு 1967-ல் தொடங்கிய சங்கம் ஒன்று இருக்கிறது, பி.சி.ஏ. என்பார்கள். ஒப்பந்தம் போனாலும் அதன் உதவி போகாது. ரகசியம் காக்கும் ஹெல்ப்லைன் உண்டு. அடுத்த வேலை, படிப்பு பற்றி உட்கார்ந்து பேச அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். படிப்புச் செலவுக்கு வழி உண்டா என்றும் அங்கேயே கேட்கலாம்.

கிரிக்கெட்டையே தொடர நினைத்தால், பர்மிங்ஹாமில் 2022-ல் தொடங்கிய சவுத் ஏஷியன் கிரிக்கெட் அகாடமி இருக்கிறது. ஒப்பந்தம் இல்லாத தெற்காசிய வம்சாவளிப் பையன்களைச் சேர்த்து, கவுண்டிகளின் இரண்டாம் அணிகளோடு ஆடவைத்துக் கண்ணில் படவைக்கிறார்கள். அங்கிருந்து காஷிஃப் அலி அதே வருடம் வூஸ்டர்‌ஷயருக்குப் போனார், அவருக்குப் பின்னும் சிலர் ஒப்பந்தம் வாங்கியிருக்கிறார்கள். எத்தனை நாள் முயற்சி செய்வது என்ற கெடுவை உங்கள் மகனே வைக்கட்டும், நீங்களோ கணவரோ வைக்க வேண்டாம். அதுவரை சனிக்கிழமை கிளப் ஆட்டமும், வாரநாளில் பகுதிநேர வேலையும் சேர்ந்தே நடக்கலாம்.

நாத்தனார் விஷயத்துக்கு வருகிறேன். தோள்பட்டைக் கதையை இன்றோடு நிறுத்துங்கள். அம்மா தன்னைப் பற்றிப் பொய் சொல்லவேண்டியிருக்கிறது என்பது பக்கத்து அறையில் இருக்கும் அவன் காதில் விழாமலா இருக்கும்? "ஒப்பந்தம் முடிஞ்சுபோச்சு, அடுத்து என்னன்னு யோசிச்சிட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டு, மதுரையில் வெயில் எப்படி என்று கேளுங்கள். பேச்சு தானாகத் திரும்பிவிடும்.

இன்னொன்று: பி.சி.ஏ.வுக்குப் போன் செய்வதானாலும், அகாடமிக்கு விண்ணப்பிப்பதானாலும் அவனே செய்யட்டும். நீங்கள் நம்பரை மட்டும் கொடுங்கள்.